‘பார்க்கிறேன்’ என்றாள் ஜூலியட்

“சுருக்கமாகச் சொல், பாரிஸின் காதல் உனக்குப் பிடிக்குமா?” என்று, பெண் கேட்டு வந்த பாரிஸ் என்ற பிரபுவைப் பற்றி அம்மா கேட்கிறார். பதினான்கு வயதுகூட நிரம்பாத மகள் மூன்றே வரியில் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலை ஒரே சொல்லாகச் சுருக்கச் சொன்னால் “பார்க்கிறேன்” என்றுதான் நான் சொல்வேன்.

நம் பேச்சில் இந்தச் சொல் என்னென்ன வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கைமாற்றுக் கேட்டவரிடம் சொல்கிறோம். ஊருக்கு வந்துபோகச் சொல்லும் உறவினரிடம் சொல்கிறோம். அது ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. கேட்டவர் முகமும் வாடாது, சொன்னவர் கையும் கட்டுப்படாது. 1590களில் லண்டனில் எழுதப்பட்ட ஒரு நாடகத்தில், இத்தாலியின் வெரோனா நகரத்துப் பெண் ஒருத்தி தன் தாய்க்குச் சொல்லும் ஆங்கிலப் பதிலும் இதையேதான் செய்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தில், முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் அது வருகிறது.

ரோமியோ ஜூலியட் என்ற பெயர்களைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. மாடத்தில் அவள் நிற்பதும், விஷக் குப்பியும் கல்லறையும் எல்லோருக்கும் தெரியும். வீட்டார் பார்த்த மாப்பிள்ளை ஒருவன் அந்தக் கதையில் இருக்கிறான் என்பதும், அவனைப் பற்றிக் கேட்டபோது அவள் முதலில் என்ன சொன்னாள் என்பதும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. நான் கல்லூரியில் படித்தபோது கையிலிருந்த வழிகாட்டி நூலில் அந்த இடத்துக்கு ‘கீழ்ப்படிதல் உள்ள மகள்’ என்று ஒற்றை வரிக் குறிப்பு இருந்தது. தேர்விலும் அதையே எழுதினேன். பிறகு அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அந்தக் குறிப்பு போதாது என்று பட்டது. அவள் பணிந்துவிடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. என்ன செய்தாள் என்பதை, நாடகத்தை முன்பின் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இங்கே சொல்ல முயல்கிறேன்.

கேட்பவர்கள் யார்?

வெரோனாவில் கேப்யூலட், மான்டேகு என்று இரண்டு பெரிய குடும்பங்கள். தலைமுறைப் பகை. ஜூலியட் கேப்யூலட் வீட்டுப் பெண், உயிரோடிருக்கும் ஒரே பிள்ளை. “என் மற்ற நம்பிக்கைகளை எல்லாம் மண் விழுங்கிவிட்டது” என்கிறார் அவள் அப்பா. பாரிஸ் ஒரு பிரபு, நகரை ஆளும் இளவரசர் எஸ்கலஸின் உறவினன். இளைஞன், வசதியானவன். நாடகம் முழுவதும் தேடினாலும் கொடுமை என்று அவன் செய்த எதையும் காட்ட முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. குடிகாரனையோ கிழவனையோ வேண்டாம் என்று சொல்ல ஒரு பெண்ணுக்குக் காரணம் கையில் இருக்கிறது. குறையே சொல்ல முடியாத மாப்பிள்ளையை என்ன சொல்லி மறுப்பது?

இரண்டாம் காட்சியில் பாரிஸ் பெண் கேட்கிறான். அப்பா தயங்குகிறார். குழந்தைக்கு இன்னும் பதினான்கு முடியவில்லை, இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்கிறார். “அவளைவிடச் சின்னவர்கள் மகிழ்ச்சியான தாய்மார்களாக இருக்கிறார்களே” என்கிறான் பாரிஸ். “அப்படி அவசரமாகத் தாயானவர்கள் அவசரமாகவே சிதைந்தும் போகிறார்கள்” என்பது அப்பாவின் பதில். பிறகு ஒரு வாக்குக் கொடுக்கிறார். அவளை நாடி அவள் மனதைப் பெறு, அவள் சம்மதத்தில் என் விருப்பம் ஒரு பகுதிதான், அவள் தேர்ந்தால் அதற்குள் என் இசைவும் அடங்கும் என்கிறார். இந்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது ஞாயிற்றுக்கிழமை சொன்னது.

வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட ஒரு நீண்ட கவிதை. அதில் இந்தப் பெண்ணுக்கு வயது 16. ஷேக்ஸ்பியர் அதைப் பதின்மூன்றாகக் குறைத்தார். சர்ச் சட்டப்படி பெண்ணுக்குத் திருமண வயது அப்போது 12தான். ஆனால் அன்றைய இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணம் செய்துகொண்டார்கள். ஆகவே அந்தக் காலப் பார்வையாளர்களுக்கும் ‘பதின்மூன்று’ என்பது காதில் உறைத்திருக்கும். நாடகம் எழுதப்பட்ட ஆண்டுகளில் ஷேக்ஸ்பியரின் மூத்த மகள் சூசானாவுக்கும் ஏறக்குறைய அதே வயது.

மூலக்கதையில் அவர் செய்த இன்னொரு மாற்றத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். புரூக்கின் கவிதையில், ரோமியோவுக்கும் ஜூலியட்டுக்கும் ரகசியமாகத் திருமணம் நடந்து, அவன் நாடு கடத்தப்பட்ட பிறகுதான் பாரிஸ் கதைக்குள்ளேயே வருகிறான். ஷேக்ஸ்பியர் அவனை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதனால் வரன் பற்றிய பேச்சு முதலில் காதில் விழும்போது ஜூலியட் மனதில் யாரும் இல்லை. மறைக்க ரகசியமும் இல்லை. வேறொருவனை நேசிப்பதால் தயங்குகிறாள் என்று நாம் சொல்லவே முடியாது. யாரும் எழுதாத சிலேட்டுப் பலகை போன்ற மனதோடு அவள் என்ன சொல்வாள் என்று கேட்டுப் பார்க்க ஷேக்ஸ்பியர் ஒரு காட்சியையே புதிதாக ஒதுக்கியிருக்கிறார்.

தாய், செவிலி, மகள்

காட்சி தொடங்கும்போது அம்மா மகளைக் கூப்பிடுகிறார். நேரே வந்து கூப்பிடவில்லை, செவிலியிடம் சொல்லி அழைக்கிறார். “இதோ வந்துவிட்டேன், தங்கள் விருப்பம் என்ன?” என்று கேட்டுக்கொண்டு வருகிறாள் ஜூலியட். ஆங்கிலத்தில் அவள் பயன்படுத்தும் சொல் ‘மேடம்’. அந்தக் கால ஆங்கிலத்தில் நம்மைப் போலவே நீ, நீங்கள் வேறுபாடு இருந்தது. தாயிடம் அவள் ‘நீங்கள்’, செவிலியிடம் ‘நீ’. மரியாதை ஒரு பக்கம், நெருக்கம் மறு பக்கம். அம்மாவுக்கும் மகளோடு தனியே பேசிப் பழக்கமில்லை. ரகசியம் பேச வேண்டும் என்று செவிலியை வெளியே போகச் சொல்கிறார், அடுத்த மூச்சில் திரும்பி வரச் சொல்கிறார்.

வந்தவள் விடவில்லை. பெண்ணுக்கு வயது என்ன என்ற கேள்விக்கு முப்பது வரிக்கு மேல் பேசுகிறாள். வரும் ஜூலை 31ஆம் தேதி இரவு இவளுக்குப் பதினான்கு. என் சூசனும் இவளும் ஒரே வயது. சூசன் கடவுளிடம் போய்விட்டாள், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் நிலநடுக்கம் வந்த நாளில்தான் மார்பில் கசப்புச் செடியைத் தடவி இவளைப் பால் மறக்கவைத்தேன். இப்படிப் போகிறது அவள் பேச்சு. இழந்த தன் பிள்ளையின் பாலைக் கொடுத்து வளர்த்தவள் அவள். அந்த அறையில் ஜூலியட்டின் உடம்பையும் குழந்தைப் பருவத்தையும் அறிந்தவள் அவள் ஒருத்திதான். இதற்கெல்லாம் நடுவே ஜூலியட் சொல்வது “நீயும் நிறுத்தேன், செவிலி” என்ற ஒரு வரி.

ஒருவழியாக அம்மா விஷயத்துக்கு வருகிறார். கல்யாணம் செய்துகொள்வது பற்றி உன் மனநிலை என்ன? “அது நான் கனவிலும் நினைக்காத ஒரு கௌரவம்” என்கிறாள் ஜூலியட். 1599 அச்சுப் பிரதியில் இந்த இடத்தில் ‘கௌரவம்’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘நேரம்’ என்று பொருள்படும் சொல் இருக்கிறது. 1597 பிரதியில் ‘கௌரவம்’ இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒலி நெருக்கமான சொற்கள், ‘ஹானர்’, ‘ஹவர்’. பதிப்பாசிரியர்கள் பெரும்பாலும் ‘கௌரவம்’ என்பதையே ஏற்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. கல்யாணத்தைக் கௌரவம் என்று சொல்லி உயரத்தில் வைத்துவிடுகிறாள், அந்த உயரத்துக்குத் தன் கனவுகூடப் போனதில்லை என்றும் சொல்லிவிடுகிறாள். அம்மாவை இதில் எந்தச் சொல் புண்படுத்தும்? எதுவும் இல்லை. ஆனால் விருப்பம் உண்டு என்றும் அவள் சொல்லவில்லை.

அம்மா தன் வாதத்தை வைக்கிறார். உன்னைவிடச் சிறியவர்கள் இந்த வெரோனாவில் தாயாகிவிட்டார்கள், உன் வயதில் நான் உன்னைப் பெற்றுவிட்டேன் என்கிறார். அப்படியானால் அவருக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ‘அவசரமாகத் தாயானவர்கள் சிதைந்துபோகிறார்கள்’ என்று சற்றுமுன் சொன்ன மனிதரின் மனைவி அவர். மகளுக்குத் தெரியாத அந்த வரியை நாம் காதில் வைத்துக்கொண்டு இந்தத் தாயைப் பார்க்கிறோம். அவருக்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது. தனக்கு நடந்தது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி.

அடுத்து பாரிஸைப் புகழ்கிறார். வெரோனாவின் கோடையில் அப்படி ஒரு பூ இல்லையாம். அவன் முகம் ஒரு புத்தகமாம், அழகின் பேனா எழுதியதாம், இன்றிரவு விருந்தில் அதைப் படித்துப் பார்க்க வேண்டுமாம், புரியாத இடம் இருந்தால் ஓரக் குறிப்பு போல அவன் கண்களில் விளக்கம் இருக்குமாம், அந்தப் புத்தகத்துக்கு இனி ஓர் அட்டைதான் தேவையாம். அட்டை என்பது ஜூலியட். வரிக்கு வரி எதுகை போட்டு, மூச்சுவிடாமல் சொல்கிறார். பிறகுதான் அந்தக் கேள்வி. சுருக்கமாகச் சொல், பாரிஸின் காதல் உனக்குப் பிடிக்குமா?

மூன்று வரி

ஜூலியட்டின் பதிலை இயன்றவரை நெருக்கமாகத் தமிழில் தருகிறேன்:

“பிடிக்கும் என்று பார்க்கிறேன், பார்ப்பதால் பிடித்துப்போகுமானால்.
ஆனால் உங்கள் சம்மதம் பறக்கவிடும் பலத்துக்கு மேல்
என் கண்ணை அம்பாக ஆழ எய்ய மாட்டேன்.”

முதல் வரியில் ஆங்கிலத்தில் நான்கு சொற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன: லுக், லைக், லுக்கிங், லைக்கிங். பார்ப்பதும் பிடிப்பதும் ஒலியிலேயே உரசிக்கொள்கின்றன. ‘லுக்’ என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். கண்ணால் பார்ப்பது ஒன்று, எதிர்பார்ப்பது இன்னொன்று. ‘பிடித்துப்போகும் என்ற எதிர்பார்ப்போடு போகிறேன்’ என்று அம்மா எடுத்துக்கொள்ளலாம். ‘கண்ணால் பார்க்கிறேன், அவ்வளவுதான்’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் ‘பார்’ என்ற சொல் ‘எதிர்பார்’ என்பதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பதால் நமக்கு இது எளிதாகப் புரிகிறது.

அந்த வரியின் நடுவில் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது, ‘போகுமானால்’ என்பதில் வரும் ‘ஆனால்’. அம்மா கேட்டது பிடிக்குமா என்று. மகள் பதில் சொன்னது பார்ப்பதைப் பற்றி. கண்ணைத் திருப்பச் சொன்னால் திருப்பலாம், அது அவள் கையில் இருக்கிறது. மனதை அப்படித் திருப்ப முடியாது. தன்னால் தரக்கூடியதை மட்டும் தருகிறாள், தரமுடியாததற்கு வாக்குக் கொடுக்க மறுக்கிறாள். அதையும் மறுப்பு என்று தெரியாதபடி செய்கிறாள். பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் இவ்வளவு நிதானம் இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கிறது.

அடுத்த இரண்டு வரியில் அம்பு வருகிறது. காதல் கண் வழியாக நுழைகிறது, பார்வை ஓர் அம்பு போலப் பாய்கிறது என்பது அந்தக் காலக் கவிஞர்கள் எல்லோரும் எடுத்தாண்ட கற்பனை. இதே நாடகத்தின் முதல் காட்சியில் ரோமியோ, தான் அப்போது உருகிக்கொண்டிருக்கும் ரோசலின் என்ற பெண்மேல் மன்மதன் அம்பு தைக்கவில்லையே என்று புலம்புகிறான். ஜூலியட் அந்தப் படத்தைத் திருப்பிவிடுகிறாள். எய்பவள் அவள். எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்ற அளவு பற்றிப் பேசுபவளும் அவள். விசையை மட்டும் தாயிடம் ஒப்படைக்கிறாள்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். நீங்கள் அனுமதிக்கும் அளவுக்கு மேல் மனதைப் போகவிட மாட்டேன் என்ற நல்ல மகளின் உறுதிமொழி ஒன்று. இன்னொன்று கொஞ்சம் உள்ளே இருக்கிறது. நீங்கள் சொல்வதால் பார்க்கிறேன், ஆகவே நீங்கள் தள்ளும் தூரம்தான் அது போகும், தானாக ஓர் அடிகூடப் போகாது. இதில் எது சரி என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒரே நேரத்தில் கேட்கிறது. அவளுக்கே இரண்டில் எது என்று அப்போது தெரிந்திருக்காது என்றும் தோன்றுகிறது.

இன்னொரு நுணுக்கம் காதில் விழுந்தால்தான் தெரியும். அம்மாவின் கேள்வி ‘லவ்’ என்று முடிகிறது. மகளின் முதல் வரி ‘மூவ்’ என்று முடிகிறது. அன்றைய செய்யுள் வழக்கில் இவை இரண்டும் இயைபு. அம்மா பாதியில் விட்ட இயைபை மகள் எடுத்து முடித்துக் கொடுக்கிறாள், கோலத்தில் அம்மா வைத்த புள்ளியை மகள் இழுத்து மூடுவது போல. வடிவத்தில் முழுப் பணிவு. அதற்குள் அந்த ‘ஆனால்’.

உடனே ஒரு வேலைக்காரன் ஓடிவருகிறான். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள், சாப்பாடு பரிமாறியாயிற்று, அம்மாவைத் தேடுகிறார்கள். பதிலை யாரும் நின்று யோசிக்கவில்லை. “ஜூலியட், பிரபு காத்திருக்கிறார்” என்று அம்மா கிளம்புகிறார். மகள் சொன்னதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கண் போன திசை

அதே விருந்துக்கு ரோமியோவையும் ஒருவர் ‘பார்க்கத்தான்’ அழைத்துவருகிறார். ரோசலினை மறக்க மற்றப் பெண்களையும் பார் என்று நண்பன் பென்வோலியோ வற்புறுத்துகிறான். பார்க்க வர மாட்டேன், அவளைக் கண்டு மகிழத்தான் வருகிறேன் என்கிறான் ரோமியோ. பார்க்கிறேன் என்று சொன்ன ஒருத்தி, பார்க்க மாட்டேன் என்று சொன்ன ஒருவன். இருவர் கண்ணும் சொல்லாத இடத்துக்குப் போகிறது.

விருந்தில் ஜூலியட் பாரிஸைப் பார்த்தாளா? நாடகப் பிரதியில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. சில இயக்குநர்கள் இருவரையும் நடனமாட வைக்கிறார்கள். எழுதியவர் வைக்கவில்லை. அவர் எழுதிவைத்தது ரோமியோவும் ஜூலியட்டும் சேர்ந்து பேசும் பதினான்கு வரி. அது ஒரு முழு சானெட். அம்மாவின் இயைபை முடித்துக் கொடுத்தவள் இப்போது இவனோடு ஒரு கவிதையையே பங்குபோட்டுக் கட்டுகிறாள். அதன் கடைசி இரண்டு வரியில், விருந்துக்கு முன் அம்மாவிடம் சொன்ன ‘மூவ்’, அதாவது அசைதல் என்ற சொல், திரும்ப வருகிறது. புனிதர்கள் அசைவதில்லை, வேண்டுதலுக்கு இணங்கினாலும் என்கிறாள் அவள். அப்படியானால் அசையாதே என்று முத்தமிடுகிறான் அவன். ‘பார்ப்பது பிடிப்பை அசைக்குமானால்’ என்றவளிடம், அசையாமலே எல்லாம் நடந்துவிடுகிறது.

வாக்கை அவள் மீறினாளா? மீறினாள்தான், சில மணி நேரத்திலேயே. பெற்றவர்கள் சம்மதத்துக்கு உட்பட்ட தூரம்தான் போவேன் என்ற கண், அவர்கள் ஒருபோதும் சம்மதிக்க முடியாத மான்டேகு வீட்டுப் பையனிடம் போய்விட்டது. அவன் யார் என்று செவிலி சொன்னதும் ஜூலியட் சொல்லும் வரியிலும் பார்வைதான் இருக்கிறது: அறியாமல் முந்திப் பார்த்துவிட்டேன், அறிந்தபோது பிந்திவிட்டது.

அன்றிரவே மாடத்தில் நின்று கல்யாணப் பேச்சை முதலில் எடுப்பவள் அவள்தான். உன் காதல் கௌரவமானது, உன் எண்ணம் திருமணம் என்றால் நாளை எனக்குச் சொல்லியனுப்பு என்கிறாள். ‘கனவிலும் நினைக்காத கௌரவம்’ என்று சொன்ன அதே சொல்லை எடுத்துத்தான் பேசுகிறாள். கல்யாணம் அவளுக்கு வேண்டாததாக இருந்ததில்லை என்பது அப்போது தெரிகிறது.

பாரிஸைப் பார்ப்பது பற்றிய பதில் வேறொருவர் வாயிலிருந்து வருகிறது. மறுநாள் செவிலி ரோமியோவிடம் சொல்கிறாள்: ஊரில் பாரிஸ் என்று ஒரு பிரபு இருக்கிறார், இவளோ அவரைப் பார்ப்பதைவிடத் தேரையைப் பார்க்கிறேன் என்கிறாள், அவர்தான் அழகன் என்று நான் சீண்டினால் வெளுத்துப்போகிறாள். அம்மாவிடம் அவ்வளவு நயமாகப் பேசியவள், பால் கொடுத்தவளிடம் தேரை என்றிருக்கிறாள். ‘நீங்கள்’ என்பவரிடம் ஒரு பதில், ‘நீ’ என்பவளிடம் வேறு பதில்.

செவ்வாய்க்கிழமை

நாடகத்தின் கதை ஐந்து நாளுக்குள் முடிந்துவிடுகிறது. புரூக்கின் கவிதையில் பல மாதம் நடப்பதை ஷேக்ஸ்பியர் ஞாயிறு முதல் வியாழன் விடியல் வரை என்று இறுக்கிவிட்டார். திங்கள் பகலில் லாரன்ஸ் துறவி ரகசியமாக மணம் செய்துவைக்கிறார். அதே பகலில் தெருச் சண்டையில் ரோமியோ ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டைக் கொன்று நாடு கடத்தப்படுகிறான். திங்கள் இரவு அப்பா பாரிஸிடம், என் மகள் எல்லாவற்றிலும் என் சொல் கேட்பாள் என்று தானே முடிவு செய்து, வியாழக்கிழமை கல்யாணம் என்கிறார். ஞாயிறு கொடுத்த வாக்கு, அவள் சம்மதம் என்ற பேச்சு, ஒரே நாளில் காணாமல் போயிற்று.

செவ்வாய் விடியலில் அம்மா செய்தி சொல்கிறார். இந்தத் தடவை கேள்வியே இல்லை. வியாழன் காலை, புனித பேதுரு தேவாலயம், மணமகன் பாரிஸ். ஜூலியட்டின் மறுப்பும் இந்தத் தடவை நேரடியானது: “புனித பேதுரு தேவாலயத்தின் மேல் ஆணை, பேதுருவின் மேலும் ஆணை, அங்கே அவர் என்னை மகிழ்ச்சியான மணமகளாக்க மாட்டார்.” அடுத்து அவள் சொல்வது நியாயமான ஒரு குறை. கணவனாக வரவேண்டியவர் என்னிடம் வந்து பேசுவதற்கு முன்பே கல்யாணமா? அவளை நாடு, மனதைப் பெறு என்று அப்பா சொன்னதை அவள் கேட்டதில்லை. ஆனால் அதையேதான் கேட்கிறாள்.

அப்பா வருகிறார். நன்றி சொல்லவில்லையா, பெருமைப்படவில்லையா என்று கத்துகிறார். “பெருமை இல்லை, நன்றி உண்டு. வெறுப்பதைப் பற்றி எப்படிப் பெருமைப்படுவேன்? ஆனால் அந்த வெறுப்பானதும் அன்பாக நினைத்துச் செய்தது என்பதால் நன்றி சொல்கிறேன்” என்கிறாள். கத்திமுனையிலும் சொல்லைத் தரம்பிரிக்கிறாள். அவருக்கு அது திமிராகப் படுகிறது. நன்றியும் வேண்டாம் பெருமையும் வேண்டாம், வியாழக்கிழமை தயாராக இரு, இல்லையென்றால் இழுத்துப்போவேன் என்கிறார். மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். என் விரல் துடிக்கிறது என்கிறார். தூக்கில் தொங்கு, பிச்சை எடு, தெருவில் செத்துப்போ என்கிறார். அம்மா சொல்வது இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது: என்னிடம் பேசாதே, உன் இஷ்டப்படி செய், உன்னோடு எனக்கு இனி எதுவும் இல்லை.

அவளால் ஏன் உண்மையைச் சொல்ல முடியவில்லை என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பதுண்டு. அந்தச் சமூகத்தில் திருமணத்தை உண்டாக்குவது இருவர் சம்மதம்தான் என்பது சர்ச்சின் கொள்கை. ஒரு துறவியே முன்னின்று நடத்திய அவள் திருமணம் முழுத் திருமணம். பாரிஸை மணப்பது அவள் பார்வையில் பாவம், கடவுள் முன் சொன்ன சொல்லை உடைப்பது. உண்மையைச் சொன்னால் டிபால்ட்டைக் கொன்றவன்தான் உங்கள் மருமகன் என்று சொல்ல வேண்டும். சம்மதம் என்ற அந்தச் சொல்லை உண்மையில் மதித்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்தி.

கடைசியில் செவிலியும் கைவிடுகிறாள். ரோமியோ போய்விட்டான், பிரபுவையே கட்டிக்கொள், அவருக்கு முன்னால் ரோமியோ ஒரு கரித்துணி என்கிறாள். மனதிலிருந்துதான் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு, “ஆமென்” என்கிறாள் ஜூலியட். எனக்கு மிகவும் ஆறுதல் தந்தாய் என்றும் சொல்லி அனுப்புகிறாள். தேரை என்று மனம்விட்டுச் சொல்ல முடிந்த ஒருத்தியும் இனி இல்லை. அந்த ‘ஆமென்’னுக்குப் பிறகு அவள் யாரிடமும் வீட்டில் உண்மை பேசவில்லை.

துறவியின் குடிலில் பாரிஸை எதிர்ப்படுகிறாள். நாடகத்தில் இருவரும் பேசிக்கொள்வது இந்த ஓர் இடத்தில்தான். “என் மனைவியே” என்கிறான் அவன். “அப்படி ஆகலாம் ஐயா, நான் மனைவியாகும்போது.” ஆகலாம் என்பது வியாழக்கிழமை ஆகியே தீரவேண்டும் என்கிறான். “ஆகவேண்டியது ஆகும்.” உன் முகம் என்னுடையது, அதை நீயே பழிக்கிறாய் என்கிறான். “இருக்கலாம், அது என்னுடையது இல்லையே.” ஒரு பொய்யும் இல்லை, ஒரு வாக்கும் இல்லை. ரோமியோவின் முகம் என்று அவள் நினைப்பதை, தன்னுடையது என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அம்மாவிடம் பேசிய அதே கலை. ஞாயிற்றுக்கிழமை அது வீட்டுக்குள் அமைதி காக்கும் நயமாக இருந்தது. இப்போது உயிர் காக்கும் கவசம்.

அதற்குப் பின்னால்தான் நேரடியான பொய் வருகிறது. இனி என்றும் உங்கள் சொல்படி நடப்பேன் என்று அப்பாவின் முன் மண்டியிடுகிறாள். ‘கீழ்ப்படிதல் உள்ள மகள்’ என்ற குறிப்பை எங்காவது எழுதத்தான் வேண்டும் என்றால் இங்கே எழுதலாம், ஏனென்றால் அவர்கள் கேட்டது இந்தப் பொய்யைத்தான். மகிழ்ந்துபோன அப்பா கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு முன்னுக்கு இழுக்கிறார். இந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப, இறந்தவள்போலக் கிடக்கவைக்கும் மயக்க மருந்தைத் துறவி தந்திருக்கிறார். அதை அவள் ஒரு நாள் முன்னதாகவே குடிக்கவேண்டியதாகிறது.

கடைசிக் காட்சியில் பாரிஸ் பூக்களோடு கல்லறைக்கு வருகிறான். அவளுக்கு வேறொருவனோடு திருமணம் நடந்துவிட்டது அவனுக்குத் தெரியவே தெரியாது. அங்கே ரோமியோவோடு வாள்வீசிச் சாகிறான், ஜூலியட்டின் அருகில் கிடத்தும்படி கேட்டுக்கொண்டே. சற்று நேரம் கழித்து அவள் கண்விழிக்கிறாள். உன் கணவன் உன் மடியில் இறந்துகிடக்கிறான், பாரிஸும்தான் என்று துறவி பதறுகிறார். நீங்கள் போங்கள், நான் வரமாட்டேன் என்கிறாள். பாரிஸ் அந்த அறையில்தான் கிடக்கிறான். அவளுடைய அடுத்த சொல், “இது என்ன?” அவள் பார்ப்பது ரோமியோவின் மூடிய கைக்குள் இருக்கும் கிண்ணத்தை.